குழந்தைக்குக் கண்ணாடி: கையைக் கடிக்காமல் வாங்குவது எப்படி?

குழந்தைக்குப் பவர் இருக்கிறது, கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பெற்றோருக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடைக்குப் போகும் முன் படித்துவிட்டுப் போனால் கவுன்டரில் திருதிருவென முழிக்க வேண்டியிருக்காது. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

எனக்கு நேரமில்லை. எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது, அதை மட்டும் சொல்லுங்கள்.

சரி. மூன்று விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்: கண் பரிசோதனை, லென்ஸ் எந்தப் பொருளில் செய்தது என்பது, மூக்கிலும் காதிலும் ஃபிரேம் சரியாக உட்காருவது. ஃபிரேமின் பிராண்ட், மெல்லிய லென்ஸ், நீல ஒளி கோட்டிங், வெயிலில் கறுக்கும் லென்ஸ் எல்லாம் தள்ளிவைக்கக் கூடியவை. இன்னொன்று, கணக்கை ஒரு கண்ணாடிக்குப் போடாமல் ஒரு வருடத்துக்குப் போடுங்கள். குழந்தையின் கண்ணாடி உடையும், கீறும், காணாமல் போகும், போதாக்குறைக்குப் பவரும் மாறும். ஒரு வருடத்தில் எப்படியும் இரண்டாவது கண்ணாடிக்குச் செலவு வரும் என்று வைத்துக்கொண்டு யோசித்தால், ஒரே ஒரு விலையுயர்ந்த கண்ணாடி வாங்குவது எவ்வளவு வீண் என்பது தானாகத் தெரியும்.

கடையிலேயே கம்ப்யூட்டரில் கண் பார்த்துத் தருகிறார்களே, அது போதாதா?

பெரியவர்களுக்குப் பல நேரம் போதும். குழந்தைகளுக்கு, அதுவும் முதல் கண்ணாடிக்கு, போதாது. குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் குவிக்கும் தசை படு சுறுசுறுப்பானது. மெஷினுக்குள் பார்க்கும்போது அது தன்னையறியாமல் இறுகிக்கொள்ளும். அதனால் இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகவும், இருக்கும் கிட்டப்பார்வை கூடுதலாகவும் காட்டலாம். நிஜமாகவே இருக்கும் தூரப்பார்வையை முழுக்க மறைத்தும்விடலாம். ஒரு கோளாறும் இல்லாத குழந்தைக்கு மைனஸ் பவர் எழுதிக் கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, அந்தத் தசையைத் தளர்த்தி, பிறகு கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். சைக்ளோபென்டோலேட் என்ற மருந்து என்றால் பார்வை மங்கலும் வெளிச்சக் கூச்சமும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் போய்விடும். அட்ரோபின் என்றால் ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல் நீடிக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் போகாதீர்கள். விளக்கடித்துப் பார்க்கும் முறையில் இன்னொரு வசதி, குழந்தை வாய் திறந்து பதிலே சொல்ல வேண்டாம். எழுத்து தெரியாத கைக்குழந்தைக்கும் பவர் கண்டுபிடிக்கலாம்.

பரிசோதனை ஒரு இடத்தில், கண்ணாடி வாங்குவது வேறு இடத்தில் என்று இருக்கலாம், தப்பே இல்லை. சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கண்ணாடி தேவையா இல்லையா என்றே தெரியவில்லை. எதை வைத்துப் பரிசோதனைக்குப் போவது?

கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, திரைக்கு மிக அருகில் போய் உட்காருவது, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வது, அடிக்கடி கண்ணைத் தேய்ப்பது, படிக்கும்போது வரி தவறுவது. இதில் எதைப் பார்த்தாலும் போங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் பள்ளிக்குப் போகும் முன் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் ஒரு கண் நன்றாகத் தெரிந்து மற்றது மங்கலாக இருக்கும் குழந்தை எந்தக் குறையும் சொல்லாது, அதற்கு எல்லாம் தெரிகிறதே. கண்மணிக்குள் வெள்ளையாக ஒளி தெரிந்தாலோ, மாறுகண் திடீரென வந்தாலோ கண்ணாடிப் பேச்சையே விட்டுவிட்டு உடனே கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

சீட்டில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

ஓடி (OD) என்பது வலது கண், ஓஎஸ் (OS) என்பது இடது கண். ஸ்பியர் என்ற கட்டத்தில் மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, தூரத்தில் இருப்பது தெளிவில்லை. பிளஸ் என்றால் தூரப்பார்வை, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் சிரமப்படும். சிலிண்டர் என்பது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்கான பவர். ஆக்சிஸ் அந்தச் சிலிண்டர் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பது, 1 முதல் 180 டிகிரி வரை. பவர் 0.25 படியாக ஏறி இறங்கும். மைனஸ், பிளஸ் குறிகளை ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள், ஆர்டர் எழுதும் அவசரத்தில் மாறிப்போகும் ஒரே விஷயம் அதுதான் என்று சொல்லாவிட்டாலும் அடிக்கடி மாறிப்போவது அதுதான்.

டாக்டர் எழுதிய பவர் ஒன்று, கடை பில்லில் இருப்பது வேறு. ஏமாற்றிவிட்டார்களா?

பதறாதீர்கள், முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே பவரை இரண்டு விதமாக எழுதலாம். டாக்டர் ஸ்பியர் +1.00, சிலிண்டர் +2.00, ஆக்சிஸ் 90 என்று எழுதியிருப்பார். கடையில் ஸ்பியர் +3.00, சிலிண்டர் −2.00, ஆக்சிஸ் 180 என்று இருக்கும். இரண்டும் ஒன்றேதான். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புது ஸ்பியர். சிலிண்டரின் குறியை மாற்றுங்கள். ஆக்சிஸ் 90-ஐத் தாண்டினால் 90 கழியுங்கள், இல்லாவிட்டால் 90 கூட்டுங்கள். இந்தக் கணக்குக்கும் ஒத்துவரவில்லை என்றால் அப்போது கேளுங்கள்.

பிடி (PD), பிடி என்கிறார்களே, அது என்ன?

இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரம், மில்லிமீட்டரில். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக வர வேண்டும், அதற்குத்தான் இந்த அளவு. பெரியவர்களுக்கு 60-ஐ ஒட்டி இருக்கும், சிறு குழந்தைகளுக்கு 50-க்கும் கீழேகூட இருக்கலாம், வளர வளர மாறும். ஆக, போன வருட அளவை இந்த வருடம் கொடுக்காதீர்கள்.

இது தப்பினால் என்ன ஆகும்? குழந்தையின் பிடி 50, லென்ஸ் மையங்களை 60 இடைவெளியில் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணும் மையத்திலிருந்து 5 மி.மீ. தள்ளிப் பார்க்கிறது. பவர் 4 என்றால், கண்ணுக்கு 2 அளவு பிரிசம், அதாவது ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் விளைவு, தேவையில்லாமல் சேர்ந்துவிடும். பவர் சரி, லென்ஸ் சரி, ஆனாலும் குழந்தைக்குத் தலைவலி, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி வைக்கும். பவர் அரை, ஒன்று என்று குறைவாக இருக்கும் குழந்தைக்கு இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது. பவர் ஏற ஏறத் தெரியும்.

பரிசோதனை செய்யும் இடத்திலேயே பிடியையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் மறந்துவிட்டால் ஃபிரேம் எடுக்கும் கடையில் அளக்கச் சொல்லலாம். வீட்டில் ஸ்கேல் வைத்து அளப்பதும், செல்ஃபி எடுத்துக் கண்டுபிடிப்பதும் ஆடாமல் நிற்கும் பெரியவருக்கே சரியாக வருவது கஷ்டம், ஐந்து வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு முயற்சி செய்தால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த லென்ஸ் வாங்குவது? கண்ணாடியா, ஃபைபரா?

நிஜக் கண்ணாடி லென்ஸ் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கனம், உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும்.

சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ், கடைகளில் ஃபைபர் என்பார்கள், சிஆர் 39 என்ற பொருள். பார்வைக்கு அருமையானது, மலிவானது, ஆனால் பலமாக அடிபட்டால் உடையும். குழந்தைகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பது பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ். இரண்டுமே அடியைத் தாங்கும், புற ஊதாக் கதிரையும் தானாகவே தடுக்கும், அதற்கென்று தனிக் கோட்டிங் போட்டுக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பாலிகார்பனேட் விலை குறைவு, கீறல் சுலபமாக விழும், ஓரத்தில் பார்க்கும்போது மெல்லிய நிறச் சிதறல் தெரியலாம், ஆனால் குழந்தைகள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ட்ரைவெக்ஸ் எடை இன்னும் குறைவு, பார்வை இன்னும் சுத்தம், விலை கூடுதல். பட்ஜெட் பார்த்து வாங்குபவர்களுக்கு என் பதில் பாலிகார்பனேட்தான், யோசிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "உடையாத லென்ஸ்" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். சில கடைகளில் சாதாரண ஃபைபரையும் அப்படித்தான் சொல்வார்கள், நிஜக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் அதுவும் உடையாதது போலத்தானே. பில்லில் பாலிகார்பனேட் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை.

பவர் கூட, லென்ஸ் தடிமனாக இருக்கும், மெல்லிய லென்ஸ் எடுங்கள் என்கிறார்களே?

பவர் 3-க்குள் இருந்தால் தேவையே இல்லை. அதற்கு மேலும் முதலில் ஃபிரேமைச் சின்னதாக்குங்கள். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது, ஓரத்தில் தடிமன். ஃபிரேம் பெரிதாக ஆக ஓரம் தடித்துக்கொண்டே போகும். வட்டமான சின்ன ஃபிரேம் போட்டால் அந்தத் தடித்த ஓரம் முழுக்க வெட்டிப் போய்விடும். காசே செலவில்லாத மெல்லிய லென்ஸ் இதுதான். பிளஸ் லென்ஸிலும் சின்ன ஃபிரேமுக்கு ஏற்ற சின்ன விட்டத்தில் லென்ஸ் வரவழைத்தால் நடுத் தடிமன் குறையும், கேட்டால் தெரிந்த கடைக்காரர் செய்து தருவார். பாலிகார்பனேட்டே சாதாரண ஃபைபரைவிடக் கொஞ்சம் மெல்லியதுதான். 6, 7 என்று பவர் போனால் மட்டும் இன்னும் மெல்லிய லென்ஸைப் பற்றிப் பேசலாம், அப்போதும் அது அடியைத் தாங்குமா என்பதை முதலில் கேளுங்கள்.

கோட்டிங்குகளில் எது அவசியம்?

கீறல் தடுக்கும் கோட்டிங் அவசியம், பாலிகார்பனேட்டில் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சேர்ந்து வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கீறவே கீறாது என்று நினைக்க வேண்டாம், அப்படி ஒரு கோட்டிங் இல்லை.

எதிரொளி தடுக்கும் கோட்டிங் இருந்தால் நல்லது, பவர் கூடக் கூட வித்தியாசம் தெரியும். இல்லாவிட்டாலும் குடி முழுகாது. சட்டை நுனியால் துடைக்கும் குழந்தையிடம் அது சீக்கிரம் உரிந்து, லென்ஸ் முழுக்கத் தேமல் மாதிரி ஆகிவிடும்.

நீல ஒளி தடுக்கும் லென்ஸ் வேண்டாம். இதைத்தான் கவுன்டரில் அதிகம் வற்புறுத்துவார்கள், பெற்றோரின் குற்ற உணர்ச்சியைத் தொட்டு, பிள்ளை எவ்வளவு நேரம் ஃபோன் பார்க்கிறது என்று கேட்டு விற்பார்கள். 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வைக் குறுகிய காலத்தில் இது குறைப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. திரையால் கண் சோர்வதற்கு முக்கியக் காரணம் கண் இமைக்காமல் கிட்டத்திலேயே வெகுநேரம் பார்ப்பது. அதற்கு மருந்து எழுந்து வெளியே போவது, அது இலவசம்.

வெயிலில் கறுக்கும் லென்ஸ் வசதிதான், அவசியமில்லை.

ஃபிரேம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் மூக்கைப் பாருங்கள். சிறு குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு தட்டையாக இருக்கும், பெரியவர் ஃபிரேமைச் சின்னதாக்கிச் செய்தது அதில் நிற்காது, வழுக்கிக்கொண்டே வரும். கண்ணாடி கீழே இறங்கினால் குழந்தை லென்ஸுக்கு மேலாகப் பார்க்கும், நீங்கள் கொடுத்த காசெல்லாம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஃபிரேமின் மூக்குப் பகுதி இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், ஆனால் கழற்றினால் சிவந்த தடம் வெகுநேரம் இருக்கக் கூடாது. கண்மணி லென்ஸின் நடுவில், அல்லது நடுவுக்குச் சற்று மேலே வர வேண்டும். சிரித்தால் கன்னம் ஃபிரேமைத் தூக்கக் கூடாது, குழந்தையைச் சிரிக்கவைத்துப் பாருங்கள். ஃபிரேமின் கை காதுக்குப் பின்னால் வளைந்து படிய வேண்டும், நீட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது, காதின் பின்பக்கத்தை அழுத்தவும் கூடாது.

ஃபிரேமின் கையின் உள்பக்கத்தில் மூன்று எண் இருக்கும். 44, 16, 125 என்று இருந்தால் லென்ஸின் அகலம் 44 மி.மீ., மூக்குப் பாலம் 16, கையின் நீளம் 125. முதல் இரண்டையும் கூட்டினால் 60. அந்தக் கூட்டுத்தொகை குழந்தையின் பிடியை ஒட்டி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பிடி 50 உள்ள குழந்தைக்கு இந்த ஃபிரேம் பெரிது. 38, 14 என்றால் 52, சரியாக இருக்கும். இந்த ஒரு கூட்டல் தெரிந்தாலே கடையில் பாதி ஃபிரேம்களைத் தொடாமலே ஒதுக்கிவிடலாம், நேரமும் மிச்சம்.

இரண்டு வயதுக்குள் என்றால் வளையும் சிலிக்கோன் ஃபிரேம், தலைக்குப் பின்னால் போகும் பட்டை. நடமாடி ஓடும் வயதில் முழு விளிம்புள்ள பிளாஸ்டிக் அல்லது டிஆர் 90 என்ற வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் ஃபிரேம், ஸ்பிரிங் கீல் இருந்தால் நல்லது, குழந்தைகள் ஒரு கையால்தான் பிடுங்கிக் கழற்றுவார்கள். விளிம்பில்லாத ஃபிரேம், பாதி விளிம்பு ஃபிரேம் எல்லாம் பிற்பாடு. பொம்மைப் படம் போட்ட ஃபிரேமுக்கு அந்தப் படத்துக்காகவே விலை கூடும். ஆனால் நிறத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் பொருந்தும் மூன்றை எடுத்து வைத்துவிட்டு அதில் ஒன்றைக் கேளுங்கள். தான் எடுத்ததைப் போட்டுக்கொள்ளத் தகராறு குறைவு.

வளர்கிற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிதாக வாங்கினால் இரண்டு வருடம் ஓடாதா?

ஓடாது. பள்ளிச் சீருடையைப் பெரிதாக எடுத்து மடித்துத் தைப்பதுபோல இதைச் செய்ய முடியாது. கண்ணாடி நழுவும், லென்ஸ் மையம் தப்பும், ஓரம் தடிக்கும், எடை கூடும், கடைசியில் குழந்தை போடாது.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் முதல் கண்ணாடி வேண்டாம். குழந்தைக்கு ஐந்தாறு வயதாகிவிட்டது, பவர் மிதமானது, ஏற்கெனவே பொருந்தும் ஃபிரேமின் மூன்று எண்களும் தெரியும், பிடியும் எழுதி வாங்கியிருக்கிறீர்கள் என்றால் இரண்டாவது கண்ணாடியை ஆன்லைனில் எடுப்பது நல்ல யோசனை, கணிசமாக மிச்சமாகும். கைக்குழந்தை, 5-க்கு மேல் பவர், சீட்டில் பிரிசம் எழுதியிருப்பது, இரண்டு பவர் லென்ஸ், புரை அறுவை செய்த கண், இரண்டு கண்ணுக்கும் பெரிய வித்தியாசம், மாறுகண்: இதில் எது இருந்தாலும் நேரில்தான்.

லென்ஸ் பாலிகார்பனேட்தானா, திருப்பி அனுப்பலாமா, ஃபிரேமை வளைத்துச் சரிசெய்து தருவது யார் என்பதை ஆர்டர் போடும் முன் பாருங்கள். கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளூர்க் கடைக்காரர் வேறு இடத்தில் வாங்கியதைச் சரிசெய்து தர வேண்டும் என்று கட்டாயமில்லை, அதற்குத் தனியாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், நியாயம்தானே. வந்ததும் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸின் பவர் பார்க்கும் மெஷினில் ஒரு தடவை வைத்துச் சரிபாருங்கள், இரண்டு நிமிட வேலை.

ரெடிமேட் கண்ணாடி, அண்ணன் போட்ட கண்ணாடி, தானமாக வந்த பழைய கண்ணாடி?

பெரியவர்கள் படிக்க வைத்திருக்கும் ரெடிமேட் கண்ணாடியைக் குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள். அண்ணனின் ஃபிரேம் பொருந்தினால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், லென்ஸை மட்டும் மாற்றுங்கள். தானமாக வரும் பழைய கண்ணாடிகளில் குழந்தையின் இரண்டு கண் பவரும், சிலிண்டரும், பிடியும் ஒருசேர ஒத்துவருவது அபூர்வம். கிட்டத்தட்ட ஒத்துவருகிறது என்று போட்டுவிடும் விஷயம் இது இல்லை, வளரும் கண்.

இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கிடைக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் கேட்க வேண்டும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். பள்ளியில் பார்வைப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறதா, அதில் கண்ணாடியும் தருகிறார்களா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனைகள், அறக்கட்டளை நடத்தும் கண் மருத்துவமனைகள், லயன்ஸ் போன்ற சங்கங்கள் பல இடங்களில் இதைச் செய்கின்றன. கண் பரிசோதனைப் படிப்பு நடத்தும் கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள், நேரம்தான் கூட ஆகும். வேலை செய்யும் இடத்தில் காப்பீடு இருந்தால் கண்ணாடிச் செலவு அதில் வருமா என்று பாருங்கள், பலர் பார்ப்பதே இல்லை. இப்படிக் கிடைக்கும் கண்ணாடிக்கும் மூக்கு, காது, மையம் எல்லாம் மேலே சொன்னபடிதான் பார்க்க வேண்டும். இலவசம் என்பதால் கூச்சப்பட்டுப் பொருந்தாததை வாங்கி வராதீர்கள்.

கடையில் விலையை எப்படிக் குறைப்பது?

ஃபிரேம் தனி, லென்ஸ் தனி, கோட்டிங் தனி என்று பிரித்து விலை கேளுங்கள். மொத்தமாகச் சொன்னால் எது எவ்வளவு என்றே தெரியாது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகையில் இரண்டாவதன் லென்ஸும் பாலிகார்பனேட்தானா, கீறல் கோட்டிங் உண்டா என்று கேளுங்கள். பல நேரம் அங்கேதான் குறைத்திருப்பார்கள். பழைய ஃபிரேம் இன்னும் பொருந்தினால், விரிசல் இல்லாவிட்டால், புது லென்ஸ் மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஃபிரேம் தள்ளுபடியைவிட, உடைந்தால் மாற்றித் தருவார்களா, சில மாதத்துக்குள் பவர் மாறினால் லென்ஸ் விலையில் கழிவு உண்டா, வளைந்தால் இலவசமாகச் சரிசெய்வார்களா என்பவை உங்களுக்கு அதிக லாபம். அவற்றைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி போட்டுப் பழகினால் பவர் ஏறிக்கொண்டே போகாதா? கொஞ்சம் குறைத்துப் போட்டால்?

இல்லை. கிட்டப்பார்வை ஏறுவது கண் உருண்டை நீளமாக வளர்வதால். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வயதில் அது வளரும். பவரைக் குறைத்துப் போட்டால் மெதுவாகும் என்று முன்பு நினைத்தார்கள். 2002-இல் மலேசியாவில் செய்த ஓர் ஆய்வில், குறைத்துப் போட்ட குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை முழுப் பவர் போட்டவர்களைவிட வேகமாகவே ஏறியது. எனவே எழுதியதை எழுதியபடி போடுங்கள். கண் பயிற்சி, துளைக் கண்ணாடி என்று பவரைப் போக்குவதாக விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

உண்மையில் உதவுவது வெளியில் விளையாடுவது. தினமும் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவதே குறைகிறது.

பவர் ஏறுவதைத் தடுக்கும் சிறப்பு லென்ஸ் என்கிறார்களே, அது வியாபாரமா?

வியாபாரம் மட்டுமில்லை, விஷயம் இருக்கிறது. ஹாங்காங்கில் செய்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படி ஒரு லென்ஸ் போட்ட குழந்தைகளுக்கு இரண்டு வருடத்தில் கிட்டப்பார்வை ஏறுவது சாதாரண லென்ஸ் போட்டவர்களைவிடச் சுமார் 52% குறைவாக இருந்தது. ஆனால் விலை அதிகம், ஏற்கெனவே ஏறிய பவரை இது இறக்காது, தூரப்பார்வைக்கு இது இல்லை. பவர் வருடத்துக்கு வருடம் வேகமாக ஏறும் குழந்தை என்றால் டாக்டரிடம் பேசுங்கள், குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் ஒரு வழி. கடைக்காரர் சொன்னார் என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

ஒரு கண் மட்டும் மங்கல், சோம்பேறிக் கண் என்றார்கள். பெரியவனானதும் போட்டுக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. மங்கலான கண்ணின் படத்தை மூளை ஒதுக்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் சோம்பேறிக் கண். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் நன்றாகத் தேறும், அதற்குப் பிறகு கஷ்டம், சில குழந்தைகளுக்கு ஓரளவு தேறும். இங்கே கண்ணாடிதான் முதல் சிகிச்சை, சிலருக்கு நல்ல கண்ணை மூடிவைக்கும் ஒட்டுப் பட்டையும் சேர்ந்து. விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும். நம்பியிருப்பது ஒரே ஒரு நல்ல கண்ணை என்பதால் பாலிகார்பனேட்டுக்குக் குறைந்த எதையும் வாங்காதீர்கள், பவரே இல்லாத அந்த நல்ல கண் பக்கமும் சேர்த்துத்தான்.

போட்டதும் "தெரியவில்லை" என்று அழுகிறது. பவர் தப்பா?

இருக்கலாம், அவசரப்படாதீர்கள். புதுச் சிலிண்டர் பவர் போட்டால் தரை சாய்ந்தமாதிரி தெரியும், சில நாளில் சரியாகும். தூரப்பார்வைக் குழந்தைக்கு முதலில் கண்ணாடியோடு தூரம் மங்கலாகத் தெரிவது சகஜம், இறுகிப் பழகிய தசை தளர நாளாகும். இரண்டு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் தலைவலி, இரட்டையாகத் தெரிவது, மேலாக எட்டிப் பார்ப்பது இருந்தால் முதலில் செய்த கண்ணாடியின் பவரையும் மையத்தையும் சீட்டோடு சரிபார்க்கச் சொல்லுங்கள், அதுவும் சரி என்றால் டாக்டரிடம் போங்கள்.

தெரியவில்லை என்று சொல்லாமல் வெறுமனே கழற்றி எறிந்தால் எங்கேயோ அழுத்துகிறது அல்லது நழுவுகிறது என்று அர்த்தம், காதின் பின்னால் தடவிப் பாருங்கள். பார்வை திடீரெனத் தெளிந்த குழந்தை கழற்ற விடாமல் அடம் பிடிப்பதும் உண்டு.

விளையாடும்போது?

சும்மா ஓடியாட இதே கண்ணாடி போதும், பின்னால் ஒரு பட்டை கட்டிவிடுங்கள். பந்து வேகமாக வரும் விளையாட்டு என்றால் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட விளையாட்டுக் கண்ணாடி. சாதாரண ஃபிரேம் அடிபட்டால் லென்ஸ் தாங்கினாலும் ஃபிரேம் உடைந்து குத்தும்.

எப்படிப் பராமரிப்பது?

தண்ணீரும் ஒரு துளி மென்மையான சோப்பும், பிறகு மென்துணி. தூசியோடு உலர்ந்த துணியால் தேய்த்தால் அந்தத் தூசிதான் கீறும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் பாலிகார்பனேட்டையே பாழாக்கும், கிட்டத்தில் கொண்டுபோகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். கழற்றினால் பெட்டிக்குள், இல்லையென்றால் லென்ஸ் மேலே பார்க்க. திருகு தளர்ந்தால் அன்றே முடுக்குங்கள். தளர்ந்த திருகுதான் லென்ஸ் விழுந்து தொலைவதற்குக் காரணம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பரிசோதனை வருடத்துக்கு ஒன்று, சிறு குழந்தைக்கும் வேகமாக ஏறும் பவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒன்று, டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அதன்படி. பரிசோதனைக்குப் போனதாலேயே புதுக் கண்ணாடி வாங்க வேண்டும் என்றில்லை. 0.25 மாறியிருக்கிறது, குழந்தை குறை எதுவும் சொல்லவில்லை, ஃபிரேமும் பொருந்துகிறது என்றால் பொறுக்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள், பல நேரம் சரி என்பார். பவர் மாறாமல் ஃபிரேம் மட்டும் இறுகிவிட்டதும் மாற்றக் காரணம்தான்.

மாற்றியதும் பழையதைத் தூக்கிப்போடாதீர்கள். புதியது உடைந்து கடையிலிருந்து திரும்பி வரும்வரை பழைய பவரும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். பள்ளிப் பைக்குள் பெட்டியோடு போட்டுவைத்து, உள்ளே பழைய பவர் என்று ஒரு சீட்டு எழுதிவிடுங்கள், அடுத்த வருடம் இரண்டில் எது எது என்று குழம்பாமல் இருக்கும்.